காணாமற்போய்க் கிடைத்த ஆந்தை

ஆந்தை என்றதும் நம்மவர் முகம் சுளிப்பர். அது அலறினால் சாவு என்பர். கூரைமேல் அமர்ந்தால் குடிக்குக் கேடு என்பர். உண்மையில் அது செய்வதெல்லாம் எலியைத் தின்று உழவனுக்கு உதவுவதுதான். இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவை 113 ஆண்டுகள் பறவை நூலார் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, பிறகு நாம் படிக்க வந்திருக்கும் இந்த மராட்டிய மாநிலத்திலேயே வெளிப்பட்டது. அதன் கதை அறியத்தக்கது.

1872-ஆம் ஆண்டு, இன்றைய சத்தீசுகரிலுள்ள பாசுனாவுக்கு அருகே பிளூவிட் என்பவர் ஓர் ஆந்தையைச் சேகரித்தார். மறு ஆண்டு ஹ்யூம் அதைப் புது இனமென்று கண்டு, பிளூவிட் பெயரையே அதற்குச் சூட்டினார். 1885-இல் காங்கிரசு மகாசபை தோன்ற முன்னின்றாரே, அதே ஹ்யூம்தான். பின்னர் கான்தேசப் பகுதியில் டேவிட்சன் என்னும் ஆங்கில அதிகாரி சில பறவைகளைச் சேகரித்தார். 1884-க்குப் பின் ஒன்றும் கிடைக்கவில்லை. உலக அருங்காட்சியகங்களில் இருந்தவை பாடம் செய்த ஏழே உடல்கள்.

சலீம் அலி போன்ற பெரியோர் தேடியும் பறவை அகப்படவில்லை. ஏன்? 1914-இல் குசராத்தின் மாண்டுவியில் தாம் ஒன்றைப் பிடித்ததாக மைனர்ட்சாகன் என்ற ஆங்கிலேயர் சொல்லியிருந்தார். அமெரிக்க அறிஞர் பமேலா ராசுமுசன் அந்த உடலை நுணுகி ஆராய்ந்தார். அது டேவிட்சன் சேகரித்தது; அருங்காட்சியகத்திலிருந்து திருடி, தையலைப் பிரித்து மீண்டும் அடைத்து, பொய்ச் சீட்டுக் கட்டப்பட்டது என்பது தெளிவாயிற்று. ஒரு பொய்ச் சீட்டு, தேடுவோரை எவ்வளவு தொலைவு வழிதவறச் செய்துவிடும்! மாண்டுவியை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய இடங்களை நோக்கி ராசுமுசனும் பென் கிங், டேவிட் அபட் ஆகியோரும் சென்றனர். கிழக்கே தேடி ஏமாந்தபின் மேற்கே வந்தனர். 1997 நவம்பர் 25 காலையில், சாகாதா ஊருக்கு அருகே, இலையற்ற மரமொன்றில் அது அமர்ந்திருந்தது.

இதை இனங்காண்பது எப்படி? வனச் சிற்றாந்தை என்று நாம் இதை அழைக்கலாம். நீளம் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். நம் ஊர்ப் புளியமரப் பொந்துகளில் வாழும் புள்ளி ஆந்தையோடு இதைக் குழப்புதல் எளிது. ஆகவே முதலில் தலையைப் பாருங்கள். புள்ளி ஆந்தையின் உச்சியில் வெண்புள்ளிகள் அரிசி தூவியதுபோல் பளிச்சென்றிருக்கும். வனச் சிற்றாந்தைக்கோ அவை மங்கலாக இருக்கும், அல்லது இல்லவே இல்லை எனலாம். அடுத்து மார்பு: பழுப்பு நிறம் அடர்ந்து பட்டைபோல் தோன்றும், அதன்கீழ் வயிற்றின் நடுப்பகுதி தூய வெள்ளை. தலையும் அலகும் உடலுக்குப் பெரியவை. சிறகிலும் வாலிலும் அகன்ற வெண்பட்டைகள் உண்டு. கால்களில் வெண்தூவி அடர்ந்திருக்கும். அதே காடுகளில் வாழும் இன்னொரு சிற்றாந்தைக்கோ உடல் முழுதும் நெருக்கமான குறுக்குக் கோடுகள் ஓடும். இவ்வளவும் நினைவிலிருந்தால் மயக்கம் இல்லை.

பழக்கமும் அடையாளமே. இது பகலில் வேட்டையாடும் ஆந்தை! மொட்டை மரக்கிளையில் வெயிலில் அமர்ந்து, பல்லி, அரணை, எலி, வெட்டுக்கிளி ஆகியவற்றைப் பார்த்துப் பாயும். பரபரப்படைந்தால் வாலை இருபுறமும் வெடுக்வெடுக்கென ஆட்டும்.

இருண்ட பெருங்காடு இதற்கு வேண்டியதில்லை. தேக்கு மிகுந்த, இடைவெளியுள்ள, கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடே இதன் வீடு. சாத்புரா மலைத்தொடரில் தோரண்மால், மேல்காட் பகுதிகளிலும், மத்தியப் பிரதேசத்தின் கண்டுவா, புர்கான்பூர் காடுகளிலும் வாழ்கிறது. 2014-இல் மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா ஏரியைச் சூழ்ந்த சரணாலயத்திலும் காணப்பட்டது. இந்தியாவன்றி வேறெந்த நாட்டிலும் இது இல்லை.

வளர்ந்த பறவைகள் ஆயிரத்திற்கும் குறைவே என மதிப்பிடுகின்றனர். கூடு கட்டத் தெரியாத இப்பறவைக்கு முதிர்ந்த மரத்தின் பொந்துதான் பிள்ளைத்தொட்டில். அம்மரம் விறகாகவும் காடு வயலாகவும் மாறும்போது, சட்டம் காத்தும் பயனில்லை. போதாக்குறைக்கு, மந்திர தந்திரத்திற்கென ஆந்தைகளைப் பிடிக்கும் மூடப்பழக்கம் வேறு.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்களே! புளியமரத்து ஆந்தையைக் கல்லெறிந்து விரட்டும் சிறுவனைக் கண்டால், இந்தக் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். ஒரு முறை தொலைந்து கிடைத்ததே பெரும்பேறு. மறுமுறை தொலைத்தால், தேடிச் செல்லக் காடும் இராது.