வயிற்றை ஏமாற்றிய மாத்திரை

நீங்கள் உண்ணும் பருப்பிலுள்ள புரதத்தை வயிறு என்ன செய்கிறது? துண்டு துண்டாக்கிச் செரித்துவிடுகிறது அல்லவா? நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் தரப்படும் செமாகுளுடைடும் 31 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியே. விழுங்கினால் அதற்கும் அதே கதிதான்! ஆகவேதான் அது முதலில் ஊசி மருந்தாக வந்தது.

2019-இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கான செமாகுளுடைடு மாத்திரை அனுமதி பெற்றது. அதில் ஸ்னாக் என்னும் உப்பே மருந்துக்குக் காவல். மாத்திரையைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்து, இரைப்பைச் சுவர் வழியே மருந்து இரத்தத்தில் சேர உதவுகிறது. வெறும் வயிற்றில், 120 மில்லிலிட்டருக்கு மேற்படாத நீருடன் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் உண்ணாதிருக்க வேண்டும். நீர் மிகுந்தால் உப்பு நீர்த்துப்போகும், காவலும் தளரும்.

ஒரு கணக்குப் போடுங்கள். அன்று நீரிழிவு ஊசியின் உச்ச அளவு வாரத்துக்கு 1 மில்லிகிராம். மாத்திரைக்கோ நாளுக்கு 14, வாரத்துக்கு 98! இரத்தத்தை அடைவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. ஊசி வலியைத் தவிர்க்க எவ்வளவு மருந்து வீணாகிறது, பாருங்கள்!