பழைய பிளானைத் திறக்காதீர்கள்

கோவையில் வீட்டுப் பிளான் வரைந்து தருவது என் தொழில். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்களிடம், "30-க்கு 40 சைட், புதுசா ஒரு டிராயிங் ஆரம்பி" என்று சொல்லிவிட்டு, கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் போன மாதம் யாருக்கோ போட்ட பிளானுக்குத்தான் போகும். அதைத் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயர் வைத்து, உள்ளே இருப்பதை உட்கார்ந்து அழிப்பார்கள்.

சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன். பழைய பிளானில் எல்லாம் தயாராக இருக்கிறது: சுவருக்கு ஒரு லேயர், கதவுக்கு ஒரு லேயர், அளவு எழுதும் ஸ்டைல், ஓரத்தில் டைட்டில் பிளாக். ஆட்டோகேடில் சும்மா புது ஃபைல் திறந்தால் வெறும் திரையும் '0' என்கிற ஒற்றை லேயரும்தான் வரும். மலைப்பாகத்தானே இருக்கும்?

ஆனால் பழைய ஃபைல் தன் குப்பையையும் கூட்டிக்கொண்டு வரும். எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டியதில் ஏறிய லேயர்கள், யாருக்கும் வேண்டாத சோபா பிளாக்குகள், முந்தைய வீட்டுக்காரரின் பெயர். முந்தைய மனையின் சர்வே எண்ணோடு அனுமதிக்குப் போன பிளான் ஒன்று அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். 'சேவ் ஆஸ்' கொடுக்க மறந்து கண்ட்ரோல்-எஸ் தட்டினால் இன்னும் மோசம். போன மாதத்து வீடே போச்சு.

இதற்குத்தான் டெம்ப்ளேட். சாதாரணப் படம் டி.டபிள்யூ.ஜி. என்று முடியும், டெம்ப்ளேட் டி.டபிள்யூ.டி. என்று முடியும். உள்ளே பெரிய வேற்றுமை கிடையாது; திறக்கும் விதம்தான் வேறு. 'நியூ' கொடுத்து டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தால், அதில் உள்ளதெல்லாம் 'டிராயிங்1' என்று இன்னும் சேவ் ஆகாத புதுப் படமாக வந்து நிற்கும். நீங்கள் என்ன செய்தாலும் மூல ஃபைலில் கை படாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் டிராயிங் போர்டில் டிரேசிங் பேப்பர் ஒட்டி வரைந்த காலத்து ஆள். பார்டரும் டைட்டில் பிளாக்கும் முன்கூட்டியே அச்சடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார். ராட்ரிங் பேனாக்கள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 மி.மீ. என்று வரிசையாக இருக்கும். அந்த எண்கள் வாய்க்கு வந்தவை அல்ல. ஒவ்வொரு பேனாவும் முந்தையதைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு தடிமன்; ஏ3 தாளைவிட ஏ2 தாளின் நீள அகலமும் அதே 1.4 மடங்கு. அதனால் ஏ1 படத்தை ஏ3-க்குச் சுருக்கினால் 0.7 கோடு 0.35 ஆகும், 0.5 கோடு 0.25 ஆகும். அப்போதும் அது பெட்டியில் உள்ள பேனா போட்ட கோடு மாதிரியே இருக்கும். இன்றைக்கு அந்தப் பேனாப் பெட்டி சி.டி.பி. என்ற ஃபைலாகிவிட்டது: எந்த நிறக் கோடு எந்தத் தடிமனில் அச்சாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். டெம்ப்ளேட்டின் லேஅவுட்டில் தாள் அளவையும் சி.டி.பி. பெயரையும் ஒருமுறை குறித்துவிட்டால், பிளாட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

அளவுக் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆட்டோகேடோடு வரும் டெம்ப்ளேட்டுகளில் 'ஏகேட்' அங்குலக் கணக்கு, 'ஏகேட்-ஐஎஸ்ஓ' மில்லிமீட்டர் கணக்கு. இங்கே வீட்டுக்காரர் அடியில் பேசுவார்; 2019-இன் தமிழ்நாடு கட்டிட விதிகளோ மீட்டரில் பேசும். மில்லிமீட்டரில் வரைந்த 900 அகலக் கதவை, யூனிட் எதுவும் குறிக்காமல் அங்குலப் படத்தில் கொண்டுவந்து வைத்தால் அது 900 அங்குலம், அதாவது 75 அடி. மனையை விட்டுத் தெருவைத் தாண்டி நிற்கும். இரண்டு ஃபைலிலும் யூனிட்டைக் குறிக்கும் 'இன்ஸ்யூனிட்ஸ்' சரியாக இருந்தால் மென்பொருளே கதவைச் சுருக்கிவிடும்.

சமீபத்தில் சேர்ந்த ஒரு பையன் ஐஎஸ்ஓ டெம்ப்ளேட்டில் ஹாலை வரைந்துவிட்டுக் கூப்பிட்டான்.

"அக்கா, அளவு போட்டேனுங்க, ஒண்ணுமே வரலீங்க."

"வந்திருக்கு. கிட்டக்க ஜூம் பண்ணிப் பாரு."

அந்த டெம்ப்ளேட்டில் இருக்கும் அளவு ஸ்டைலின் பெயர் ஐஎஸ்ஓ-25. எழுத்தின் உயரம் 2.5 மி.மீ. அச்சடித்த தாளில் படிக்க அது சரியான உயரம். ஆனால் பத்தடிச் சுவரை நாம் 3048 மி.மீ. என்று முழு அளவில் அல்லவா வரைகிறோம்? அதன் பக்கத்தில் 2.5 மி.மீ. எழுத்து எப்படித் தெரியும்? 1:100 படத்துக்கு எழுத்து 250 மி.மீ. உயரம் வேண்டும். ஸ்டைலில் மொத்த ஸ்கேலை 100 என்று மாற்றலாம், அல்லது ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்து தானே மாறும்படி 'அனோடேடிவ்' ஆக்கலாம். எதுவானாலும் டெம்ப்ளேட்டிலேயே ஒருமுறை செய்துவிட்டால், அடுத்து வருகிறவர் யாரும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

டெம்ப்ளேட் செய்வது பெரிய வித்தை இல்லை. நன்றாக வந்த பிளான் ஒன்றின் நகலை எடுங்கள். படத்தை அழியுங்கள், டைட்டில் பிளாக்கில் பெயர்களை எடுத்துவிடுங்கள், 'சேவ் ஆஸ்' பட்டியலில் டி.டபிள்யூ.டி. தேர்ந்தெடுங்கள். நடுவில் ஒரு பொறி இருக்கிறது. குப்பை போகட்டும் என்று 'பர்ஜ் ஆல்' தட்டினால், படம் இல்லாமல் காலியாகிவிட்ட உங்கள் சுவர் லேயரும் கதவு லேயரும் சேர்ந்தே போய்விடும். பயன்படாத எல்லாமே அதற்குக் குப்பைதான். ஆகவே பட்டியலைப் பார்த்து, வேண்டாததை மட்டும் டிக் செய்து நீக்குங்கள்.

கட்டில், கார், தென்னை மரம் என்று பிளாக்குகளை உள்ளே திணிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கழிவறைக்குப் பிளான் போட்டாலும் அத்தனை பாரமும் அந்த ஃபைலில் ஏறும். அவற்றைத் தனி ஃபோல்டரிலோ டூல் பேலட்டிலோ வையுங்கள்.

இன்னொன்று. மென்பொருள் தானாகக் காட்டும் டெம்ப்ளேட் ஃபோல்டர், விண்டோஸில் உங்கள் பெயருக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கும். கணினியை ஃபார்மேட் செய்தால் அதோடு போய்விடும். எல்லோரும் எடுக்கிற பொது ஃபோல்டரில் வைத்துவிட்டு, 'ஆப்ஷன்ஸ்' திறந்து 'ஃபைல்ஸ்' பகுதியில் 'டெம்ப்ளேட் செட்டிங்ஸ்' பாருங்கள். 'க்யூநியூ' என்ற வரியில் 'நன்' என்று இருந்தால், உங்கள் டெம்ப்ளேட்டை அங்கே கொடுங்கள். அடுத்த பிளானை அதற்குப் பிறகு ஆரம்பித்தால் போதும்.