மூன்று வாசல் குளியல் மாளிகை

சென்ற கோடையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மான்செஸ்டரில் 'விக்டோரியா பாத்ஸ்' பார்த்தோம். மகாராணி காலமானது 1901-இல். நகராட்சி இந்தப் பொதுக் குளியல், நீச்சல் நிலையத்தைத் திறந்தது 1906-இல். இருந்தாலும் எண்ணம் விக்டோரியா காலத்தது தான்.

அன்று தொழிலாளர் வீடுகளில் குளியலறை ஏது? 1832-இல் காலரா பரவியபோது, லிவர்பூலில் கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண்மணி தம் வீட்டுக் கொப்பரை வெந்நீரில் அண்டை அயலார் துணிகளை வெளுக்க உதவினார். 1842-இல் அவ்வூரில் பொதுக் குளியல், சலவைக் கூடம் வந்தது. 1846-இல் சட்டமே வந்துவிட்டது. உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் இவற்றைக் கட்டலாம் என்றார்கள்.

மான்செஸ்டர் கட்டடம் நகரத்தின் முதல் கட்டடக் கலைஞர் ஹென்றி பிரைஸ் காலத்தது. முகப்பில் செங்கல்லும் வெளிர் டெரகோட்டாவும் பட்டை பட்டையாக; உள்ளே வண்ணக் கண்ணாடி, பளபளக்கும் பச்சை ஓடுகள். வாசல் மூன்று: ஆண்கள் முதல் வகுப்பு, ஆண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள். குளங்களும் மூன்று. ரயில்வேக்காரனுக்கு வகுப்பு புதிதா என்ன!

தண்ணீர் போன வழியைக் கேட்டபோதுதான் திகைத்தேன். கிணற்று நீர் முதலில் முதல் வகுப்புக்கு, அவர்கள் நீந்திய நீரே பிறகு இரண்டாம் வகுப்புக்கு, கடைசியில் பெண்களுக்கு. நீரை மிச்சப்படுத்திய பொறியாளரை மெச்சலாம். அந்த வரிசையை மெச்ச முடியவில்லை. "கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களுக்கு இதென்ன அதிசயம்?" என்றாள் என் மனைவி. நான் வாய் திறக்கவில்லை.

1993-இல் மூடினார்கள். ஊர் மக்கள் விடவில்லை. 2003-இல் பி.பி.சி.யின் 'ரெஸ்டொரேஷன்' நிகழ்ச்சியில் நேயர்கள் வாக்களித்து இதையே தேர்ந்தெடுக்க, பழுதுபார்க்கப் பணம் கிடைத்தது.