கடத்தப்பட்ட ஏவுகணையும் சுஜாதாவின் பேனாவும்

'விக்ரம்' என்றதும் 2022-ஆம் ஆண்டில் வந்த திரைப்படம்தான் உங்களுக்கு நினைவுக்கு வரும். அதே பெயரில், அதே கமல்ஹாசன் நடித்து, 1986-ஆம் ஆண்டிலும் ஒரு படம் வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் 'அக்னிபுத்ரா' என்ற இந்திய ஏவுகணையைச் சிலர் கடத்திவிடுகிறார்கள். அதை மீட்க ஓர் உளவாளி கிளம்புகிறான். கணிப்பொறி தெரிந்த ஒரு பெண் அவனுக்குத் துணையாகச் செல்கிறாள். தேடல் அவர்களைச் சலாமியா என்ற நாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பூகோளப் புத்தகத்தில் தேடாதீர்கள். அப்படி ஒரு நாடு கிடையாது.

கதையை எழுதியவர் சுஜாதா. படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே குமுதம் வார இதழில் அதைத் தொடர்கதையாகவும் எழுதினார். ஓவியர் வரையும் சித்திரங்களுக்குப் பதிலாகத் திரைப்படத்தின் புகைப்படங்கள் கதையோடு அச்சாயின. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் ஓர் ஊர். எங்கள் தெரு சலூனில் குமுதம் வாங்குவார்கள். முடி வெட்டிக்கொள்ள அவசியமே இல்லாத வாரங்களிலும் அங்கே போய் உட்கார்ந்து, எனக்கு முன்னால் இருப்பவர் பத்திரிகையைக் கீழே வைக்கும்வரை காத்திருப்பேன். கணிப்பொறியைக் கண்ணால் கண்டவர் அந்தச் சலூனில் ஒருவரும் இல்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை.

ஒரு நாள் பெரிய வாக்குவாதம் மூண்டது. பறந்துகொண்டிருக்கும் ஏவுகணையை நடுவழியில் வேறு பக்கம் திருப்பிவிட முடியுமா, முடியாதா? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்த அண்ணன் ஒருவர், "ஸ்டியரிங் இல்லாமலா செஞ்சிருப்பாங்க? திருப்பலாம்" என்று அடித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "ஏண்டா தம்பி, இதையெல்லாம் படிச்சா மார்க் வந்துருமா?" என்றார். அன்று இருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முயல்கிறேன்.

பெரியவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். திரைப்படத்தை ஒட்டி எழுதப்படும் நாவலைப் பொதுவாக யாரும் பெரிதாக மதிப்பதில்லை. படத்துக்கு விளம்பரம், ரயிலில் பொழுதுபோக்கு, அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் விஞ்ஞானம் தெரிந்த ஒருவர் அந்த வேலையைச் செய்யும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. திரையில் காட்சி மின்னி மறைந்துவிடும்; 'எப்படி?' என்று கேட்க நேரமில்லை. அச்சில் வாசகன் நின்று யோசிப்பான். ஆகவே எழுத்தாளர் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் இல்லாத இடத்தை ஒட்டுப்போட வேண்டும்.

அமெரிக்காவில் 1966-ல் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' என்றொரு படம் வந்தது. ஒரு நீர்மூழ்கிக் கப்பலையும் அதிலுள்ள மனிதர்களையும் நுண்ணியதாகச் சுருக்கி, ஒரு விஞ்ஞானியின் இரத்தக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். மூளையில் உள்ள இரத்தக் கட்டியை அகற்றுவது நோக்கம். அறுபது நிமிடத்தில் எல்லாம் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். படத்தில் கப்பலை ஒரு வெள்ளணு விழுங்கிவிடுகிறது. மனிதர்கள் மட்டும் கண்ணீர் வழியே தப்பிவிடுகிறார்கள். இதை நாவலாக எழுதப் பணிக்கப்பட்டவர் ஐசக் அசிமோவ், உயிர்வேதியியல் பேராசிரியர். அவர் கேட்டார்: உள்ளே தங்கிய கப்பல் என்ன ஆகும்? நொறுங்கினாலும் ஜீரணமானாலும் அதன் துகள்கள் வளரத்தானே செய்யும், நோயாளி பிழைப்பது எப்படி? நாவலில் அந்த வெள்ளணுவையே கப்பலோடு சேர்த்துக் கண்வழியே வெளியே இழுத்துவர வைத்தார். படம் திரைக்கு வருமுன்பே புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. ஆகவே படம்தான் தவறாகக் காப்பியடித்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு!

'ஸ்டார் வார்ஸ்' கதையும் இப்படித்தான். ஒரு விண்கலத்தின் வேகத்தைப் பெருமையடிக்க, குறிப்பிட்ட பயணத்தைப் பன்னிரண்டு 'பார்செக்'குக்குள் முடித்ததாகப் படத்தில் ஒருவன் சொல்வான். பார்செக் என்பது காலம் அன்று, தூரம். ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளி ஆண்டு. நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஐம்பது கிலோமீட்டரில் போய்விட்டேன் என்று பெருமையடிப்பது போன்றது. 1976-ல் வெளிவந்த நாவலில் அந்த இடத்தில் ஒரு கால அளவைப் போட்டுச் சரிசெய்திருந்தார்கள். அட்டையில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் பெயர் இருந்தது. உண்மையில் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். பெயரே இல்லாமல் பிழை திருத்திய அவரைப் போன்றவர்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க்கின் அனுபவம் சற்று வேறு. '2001' படமும் நாவலும் ஒரே சமயத்தில் உருவாகி 1968-ல் வந்தன. நாவலில் விண்கலம் சனிக்கிரகம் வரை போகிறது. படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையங்களை நம்பும்படியாகத் திரையில் காட்ட அன்றைய நிபுணர்களால் முடியவில்லை. மைக்கு அந்தச் சங்கடம் இல்லை அல்லவா?

சுஜாதாவின் நிலை இவர்கள் எல்லாருடையதையும்விடக் கடினமானது. வாரம் தவறாமல் எழுத வேண்டும். வாசகர்களில் மருத்துவரும் இருப்பார், என்னைப் போலச் சலூனில் காத்திருப்பவனும் இருப்பான். ஆனால் அந்தப் பணிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் தமிழில் அப்போது இல்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தவர் ரங்கராஜன் என்ற இந்த சுஜாதா. விமானப் போக்குவரத்துத் துறையிலும், பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். நாம் வாக்களிக்கும் மின்னணு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. செயின்ட் ஜோசப்பில் அவர் படித்த காலத்தில் அங்கே படித்த இன்னொரு மாணவர் அப்துல் கலாம். 'அக்னிபுத்ரா' கதையில் பறந்து மூன்றாண்டுகள் கழித்து, 1989 மே 22 அன்று, உண்மையான அக்னி ஏவுகணை ஒரிசாக் கடற்கரையிலிருந்து முதன்முதலாக விண்ணில் பாய்ந்தது. கலாம் தலைமையேற்ற திட்டத்தின் பயன் அது.

இனிப் பட்டறை அண்ணனின் ஸ்டியரிங்குக்கு வருவோம்.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை என்றால் 5,500 கி.மீ.க்கு மேல் செல்வது. ஆனால் அது அவ்வளவு தூரமும் எஞ்சினை ஓட்டிக்கொண்டு போவதில்லை. முதல் சில நிமிடங்களில் எரிபொருள் முழுவதும் எரிந்து தீர்ந்துவிடும். அதன்பின் அது எறிந்த கல்தான். நாமக்கல் கோட்டையின் உச்சியில் நின்று கமலாலயக் குளத்தை நோக்கி ஒரு கல்லை வீசுங்கள். கையை விட்டுப் போன பிறகு கல்லைத் திருப்ப முடியுமா? வீசிய வேகமும் திசையும்தான் அது விழும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஏவுகணைக்கும் அதே விதிதான், வேகம்தான் வேறு. 5,500 கி.மீ. தாண்ட வேண்டுமானால் எஞ்சின் அணையும்போது வினாடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்தில் நாமக்கல்லிலிருந்து சேலம் ஒன்பது வினாடிப் பயணம்! அந்தக் கணத்தில் வேகம் வினாடிக்கு ஒரே ஒரு மீட்டர் பிசகினால் போதும், ஏவுகணை குறியிலிருந்து இரண்டு கி.மீ.க்கு மேல் தள்ளிப்போய் விழும்.

அப்படியானால் அந்த முதல் சில நிமிடங்களில் அதை ஓட்டுவது யார்? தரையிலிருந்து யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. நாமக்கல் பஸ் நிலையத்தில் சேலம் பஸ் ஏறி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வண்டி வேகமெடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறது. பிரேக் போட்டால் முன்னே சாய்கிறீர்கள். வளைவில் பக்கத்தில் இருப்பவர்மீது சரிகிறீர்கள். இவற்றையெல்லாம் துல்லியமாக அளந்து, நேரத்தோடு சேர்த்துக் கணக்கிட முடிந்தால், கண்ணைத் திறக்காமலே "இது புதுச்சத்திரம்", "இது மல்லூர்" என்று சொல்லிவிடலாம். ஏவுகணை செய்வது இதைத்தான். முடுக்கத்தை அளக்க ஒரு கருவி. திசையை மறக்காமல் இருக்கச் சுழலும் பம்பரம் போன்ற ஒரு கருவி. வேகமாகச் சுற்றும் பம்பரம் தன் அச்சை விட்டுக்கொடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டும் தரும் எண்களை உள்ளே இருக்கும் கணிப்பொறி இடைவிடாமல் கூட்டி, 'இப்போது இங்கே இருக்கிறேன், வேகம் இவ்வளவு, இனி எஞ்சினை அணைக்கலாம்' என்று முடிவு செய்கிறது.

அது தொடங்கும் இடமும் சேரும் இடமும் ஏவுவதற்கு முன்பே அந்தக் கணிப்பொறிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஏவுகணையைத் திருடுபவனுக்கு அந்த இரும்பு மட்டும் போதாது. எண்களும், எண்களை மாற்றத் தெரிந்த மூளையும் வேண்டும். உளவாளியோடு துப்பாக்கி வீரன் ஒருவனை அனுப்பாமல், கணிப்பொறி தெரிந்த பெண்ணை அனுப்பினாரே சுஜாதா, அந்த இடத்தில்தான் பொறியாளர் தெரிகிறார். 1986-ல் தமிழ்ப் பத்திரிகைத் தொடரில் அப்படியொரு பெண் பாத்திரம் புதுமையும்கூட.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் முதன்முறை சோதிக்கப்பட்ட அக்னி-5 பதினேழரை மீட்டர் நீளம், சுமார் 50 டன் எடை. பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை, சுமையோடு சேர்த்தே, 28 டன் அளவுதான். கடத்துவதென்றால் நல்ல டிரெய்லரும் அனுபவசாலியான ஓட்டுநரும் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் இதை உடனே கவனித்துவிடுவார்கள்!

எல்லாம் சரி, 'விக்ரம்' சுஜாதாவின் சிறந்த நாவலா? இல்லை என்பதே இந்த ரசிகனின் கருத்து. முன்பாதி விஞ்ஞானக் கதை. சலாமியாவுக்குள் நுழைந்ததும் ராஜா, இளவரசி, அரண்மனை என்று மாயாஜாலக் கதையாகிவிடுகிறது. விஞ்ஞானமும் மாயமும் கலக்கக் கூடாது என்பதில்லை. கலந்தால் ஒன்றின் விதி மற்றதிலும் செல்ல வேண்டும். இங்கே எல்லையைத் தாண்டியதும் விதிகள் சுங்கச்சாவடியிலேயே நின்றுவிடுகின்றன. படத்துக்காக எழுதுவதில் உள்ள கஷ்டம் இது. நட்சத்திரங்களும் பாட்டும் நகைச்சுவையும் தத்தம் பங்கைக் கேட்கும். எந்தப் படத்துக்கும் கட்டுப்படாமல் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா'வைப் பாருங்கள். அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய், படித்து, யோசித்து, எதிர்க்கேள்வி கேட்கும். கதையில் முதலில் விதித்த விதிகள் கடைசிவரை செல்லும். நான் இரண்டு பிரதி வாங்கி இரண்டையும் இரவல் கொடுத்து இழந்த புத்தகம் அது.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19 அன்று, கொழும்பில் கிளார்க் மறைந்தார். சுஜாதா வசனத்தில் பங்களித்த 'எந்திரன்' 2010-ல் வெளிவந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது எங்கள் ஊரைச் சுற்றி மதிப்பெண்ணுக்குப் பெயர்போன விடுதிப் பள்ளிகள் பல உண்டு. அத்தகைய ஒரு பள்ளியில் படிக்கும் உறவுக்காரப் பெண் விடுமுறையில் வந்தபோது, 'விக்ரம்' நாவலைக் கொடுத்து, மேலே சொன்ன பஸ் உதாரணத்தையும் சொன்னேன். இரண்டு நாளில் திரும்பி வந்து, "மாமா, உள்ளே இருக்கிற பம்பரம் தேய்ந்து நின்றுபோனால்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சுழலும் பாகம் எதுவும் தேயத்தான் செய்யும். அதனால்தான் அக்னி-5 போன்றவற்றில் சுழலும் பம்பரத்துக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். மூடிய வளையம் ஒன்றில் இரண்டு லேசர்க் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஏவுகணை நேராகப் போனால் இரண்டுக்கும் சமமான பாதை. சற்றே திரும்பினாலும் ஒரு கதிருக்குப் பாதை நீள்கிறது, மற்றதற்குக் குறுகுகிறது; இரண்டின் அதிர்வெண்ணிலும் வித்தியாசம் ஏற்படுகிறது. அந்த வித்தியாசத்தை எண்ணினால் எவ்வளவு திரும்பியது என்பது தெரிந்துவிடும். அவளுக்கு இதை ஒரு வட்டம் போட்டு, இரண்டு அம்புக்குறிகளோடு வரைந்து காட்டினேன்.