சான்றிதழ்களின் காலம் – 9: அனுபவம் காலை வாரும் தேர்வு

சென்ற வாரம், அஜைல் முறையில் வேலையை நடத்துவதற்குச் சான்றிதழ் தரும் அமைப்புகள் எவை என்று பார்த்தோம். இந்த வாரம் தயாரிப்பு. எல்லாத் தேர்வுகளையும் ஒரே மூச்சில் பேசினால் எதுவும் தெளிவாகாது என்பதால், ஸ்க்ரம்.ஆர்க் நடத்தும் புரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர் முதல் நிலைத் தேர்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 80 கேள்விகள், 60 நிமிடம், தேர்ச்சிக்கு 85 விழுக்காடு. 68 விடைகள் சரியாக வேண்டும்; 12 மட்டுமே தவறலாம். பயிற்சி வகுப்பில் சேர்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பாடநூல் என்று சொல்லத்தக்கதும் ஒன்றுதான்: கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் எழுதிய ஸ்க்ரம் கைடு. 2010-இல் முதலில் வந்தது. 2020 நவம்பரில் வந்த திருத்தப் பதிப்பு, அட்டையும் பொருளடக்கமும் சேர்த்து 14 பக்கம். இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். அப்படியிருந்தும் பல வருடம் ஸ்ப்ரிண்ட், ஸ்டாண்ட்-அப் என்று வாழ்ந்தவர்களையே இந்தத் தேர்வு திணறவைக்கிறது. காரணம் பாடத்தின் அளவு அல்ல. அலுவலகத்தில் பழகிய ஸ்க்ரமும் கைடில் உள்ள ஸ்க்ரமும் பெரும்பாலும் வேறு வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. ஆகவே இதற்குத் தயாராவது என்பது புதிதாகக் கற்பதைவிடப் பழகியதைக் கழற்றிவைப்பது என்பதே என் வாதம்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்க்கலாம். டெய்லி ஸ்க்ரம் யாருக்கானது? அலுவலகப் பழக்கம் சொல்லும் விடை: மேனேஜரோ ஸ்க்ரம் மாஸ்டரோ நடுவில் நின்று, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதும் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்கும் கூட்டம். கைடின்படி அது டெவலப்பர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் 15 நிமிடம். ஸ்க்ரம் மாஸ்டர் அது நடப்பதை உறுதிசெய்ய வேண்டும். அவரே கூட்டத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. புகழ்பெற்ற அந்த மூன்று கேள்விகளும் 2020 பதிப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டன. அடுத்தது: ஸ்ப்ரிண்ட் முடியும் நாளில் ஒரு வேலை ‘90 விழுக்காடு முடிந்துவிட்டது’ என்றால் என்ன செய்வது? அலுவலகத்தில் இரண்டு நாள் நீட்டிப்பார்கள், அல்லது இருப்பதைக் காட்டிச் சமாளிப்பார்கள். கைடில் இரண்டுக்கும் இடமில்லை. ‘முடிந்தது’ என்பதற்குக் குழு வைத்த அளவுகோலை எட்டாத வேலை ரிவ்யூவில் காட்டப்படக்கூட மாட்டாது, பேக்லாக்குக்குத் திரும்பும். ஒரு ஸ்ப்ரிண்டில் எவ்வளவு வேலையை எடுப்பது என்பதை டெவலப்பர்கள் தீர்மானிப்பார்கள். ஸ்ப்ரிண்டை ரத்து செய்யும் அதிகாரம் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டுமே உண்டு. ரிவ்யூ முடிந்தால்தான் வெளியிடலாம் என்ற விதியும் இல்லை. ஸ்ப்ரிண்டின் நடுவிலேயே வெளியிடலாம். ஸ்டோரி பாயிண்ட், வெலாசிட்டி, யூசர் ஸ்டோரி ஆகிய மூன்றும்தான் ஸ்க்ரமின் உயிர் என்று நினைப்பவர்கள் உண்டு. 14 பக்கத்தையும் துழாவினாலும் இந்த மூன்று சொற்களும் கிடைக்காது. பயனுள்ள பழக்கங்களாக அவை இருக்கலாம், ஆனால் ஸ்க்ரமின் விதிகள் அல்ல.

இந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருப்பது புலப்படும்: முடிவெடுப்பவர் யார்? ஸ்க்ரமின் பிறப்பிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. ஹிரோடகா டகேயுச்சியும் இகுஜிரோ நொனாகாவும் 1986-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை, ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்களில் புதுப் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்தது. மேலிடம் இலக்கை மட்டும் சொல்லிவிட்டு வழியைக் குழுவிடமே விட்டுவிடுவதை அவர்கள் கவனித்தார்கள். ரக்பி ஆட்டத்தில் குழுவே பந்தைக் கைமாற்றிக்கொண்டு முன்னேறுவதை அதற்கு உவமையாக்கினார்கள். அங்கிருந்து வந்த பெயரோடு சதர்லாந்தும் ஷ்வேபரும் 1995-இல் ஆஸ்டின் நகர மாநாட்டில் தங்கள் முறையை முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதியபோது இருவரும் அங்கே இருந்தார்கள். வேலையைச் செய்பவரே வேலையின் வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இந்த வரலாறு முழுவதும் ஓடும் சரடு. பெரிய நிறுவனங்களுக்குள் இது நுழைந்தபோது பெயர்கள் மாறின, அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலோ பெங்களூரிலோ இருக்கும் சேவை நிறுவனம், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தேதியையும் தொகையையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் குழுவையே அமைக்கிறது என்றால், எவ்வளவு எடுப்பது என்று குழு தீர்மானிக்க அங்கே என்ன மிச்சம் இருக்கும்? ஒப்பந்தம் பழைய முறையில், கூட்டங்களின் பெயர் புதிய முறையில். அந்தச் சூழலில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர் தன் அனுபவத்தை நம்பி விடையளித்தால் தவறத்தான் செய்வார்.

இதிலிருந்தே தயாரிக்கும் முறையும் கிடைக்கிறது. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கைடு சொல்வது, வலப்பக்கம் உங்கள் குழுவில் நடப்பது. ஒவ்வொரு பொறுப்புக்கும், கூட்டத்துக்கும், முடிவுக்கும் இரண்டையும் எழுதுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் நீங்கள் தேர்வில் சறுக்குவீர்கள். பிறகு கைடை மூடிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். இந்த இரண்டாவது படி முக்கியம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரும் ‘எல்லாம் தெரிந்துவிட்டது’ என்ற உணர்வு நம்மை ஏமாற்றுகிறது. 14 பக்கப் பாடத்தில் இந்த ஏமாற்று இன்னும் எளிது, ஏனென்றால் மூன்றாம் முறை படிக்கும்போது எல்லா வாக்கியமும் பழகிய முகமாகத் தெரியும்.

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுதானே, கைடைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். 60 நிமிடத்தில் 80 கேள்வி என்றால் ஒன்றுக்கு 45 விநாடி. தேடிப் படித்து விடையளிக்க அந்த நேரம் போதாது. ஓரிரு கேள்விக்கு வேண்டுமானால் உதவும். இன்னொரு வாதம் பலமானது: வேலை தருபவருக்குத் தேவை சான்றிதழ் என்ற காகிதம், அதற்கு டம்ப் எனப்படும் வினா-விடைத் தொகுப்பை உருப்போட்டால் போதும். டம்ப் படித்துத் தேறுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அவை சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு. 2017 பதிப்பில் டெவலப்மென்ட் டீம் என்ற தனிக் குழு உண்டு, அதற்கு 3 முதல் 9 பேர் என்ற வரையறையும் உண்டு. 2020-இல் அந்தப் பெயரே போய், ஸ்க்ரம் குழு முழுவதுக்குமாகப் பொதுவாக 10 பேர் அல்லது அதற்குக் குறைவு என்றானது. ப்ராடக்ட் கோல் என்ற புதிய கருத்தும் சேர்ந்தது. பழைய தொகுப்பை உருப்போட்டவர் பழைய விடையையே உருப்போட்டிருப்பார். அதைவிடப் பெரிய நட்டம், இருபக்க நோட்டு எழுதியவருக்குத் தன் குழுவைப் பற்றிக் கிடைக்கும் தெளிவு டம்ப் படித்தவருக்குக் கிடைக்காமல் போவது. நேர்முகத்தில் ‘உங்கள் குழுவில் எது ஸ்க்ரம் இல்லை?’ என்று ஒருவர் கேட்டால் முன்னவரிடம் பேச ஒரு நோட்டு நிறைய விஷயம் இருக்கும்.

அஜைலை உருவாக்கியவர்களே கைவிட்ட பிறகு இந்தச் சான்றிதழ் எதற்கு என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. ஸ்னோபேர்டில் கையெழுத்திட்ட டேவ் தாமஸ் 2014-இல் அஜைல் செத்துவிட்டது என்று எழுதினார். இன்னொரு கையொப்பக்காரரான ரான் ஜெஃப்ரிஸ் 2018-இல் டெவலப்பர்கள் அஜைலைக் கைவிட வேண்டும் என்றே எழுதினார். அவர்கள் எதிர்த்தது எதை என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜெஃப்ரிஸின் கோபம், அஜைல் என்ற பெயரில் மேலிருந்து திணிக்கப்படும் போலி முறைகள் டெவலப்பர்களின் வாழ்க்கையை மோசமாக்குகின்றன என்பது. அது நியாயமான கோபம். ஆனால் போலியைப் போலி என்று சொல்ல அசல் எது என்று தெரிந்திருக்க வேண்டும்; இந்தத் தயாரிப்பு கொடுப்பது அந்த அறிவைத்தான். மற்றபடி, ஒரு மணி நேரத் தேர்வு ஒருவரின் திறமையை நிரூபிக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சண்டையிடும் இருவரை ஒரே மேசையில் உட்காரவைக்கத் தெரியுமா என்பதை 80 கேள்விகளால் அளக்க முடியாது.

வேலை அனுபவமே இல்லாத மாணவர்களுக்கு வலப்பக்கம் காலியாக இருக்கும். கழற்ற எதுவும் இல்லை என்பது அவர்களுக்கு அனுகூலம். படித்ததைத் தொங்கவிட ஆணி இல்லை என்பது குறை. கல்லூரியின் இறுதியாண்டு ப்ராஜெக்டையே இரண்டு வார ஸ்ப்ரிண்டுகளாக நடத்திப் பார்த்து அந்தப் பக்கத்தை நிரப்பலாம்.

கட்டணம் செலுத்தினால் ஒரு முயற்சிதான். தவறினால் மறுபடி கட்ட வேண்டும். அதனால் அவசரப்படாதீர்கள். ஸ்க்ரம்.ஆர்க் தளத்தில் ஸ்க்ரம் ஓபன் என்ற 30 கேள்விப் பயிற்சித் தேர்வு இலவசம், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் அதற்குரிய வரிக்கு நேரே குறித்துவையுங்கள். தொடர்ந்து முழு மதிப்பெண் வரத் தொடங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

(தொடரும்)