கைக்குட்டை தடுக்காத தூசி

பழைய கதவைத் தேய்க்க வருகிறவர் மெஷினைப் பிளக்கில் செருகும் முன், பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக் கட்டிக்கொள்வார். பாதுகாப்பு அத்தோடு முடிந்தது. மாலையில் மூக்கைச் சிந்தினால் மரத்தூள் நிறத்தில் சளி வரும். துணியைத் தாண்டித்தான் அது உள்ளே போயிருக்கிறது.

கையால் உப்புத்தாள் போட்ட காலத்தில் தூள் பெரும்பாலும் காலடியில் விழுந்தது. சாண்டிங் மெஷினின் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல்கூட ஆடும். அதில் பறக்கும் தூளில் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் ஆபத்தானது. மெஷினை நிறுத்திய பிறகும் அது வெகுநேரம் காற்றில் நிற்கும். சாப்பாட்டு வேளையில் முகமூடியைக் கழற்றிவிட்டு அதே அறையில் உட்காருகிறவரின் மூச்சிலும் போகும்.

இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஊர் ஹை விக்கம். அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹேட்ஃபீல்ட், மூக்கினுள் வரும் அரிதான ஒரு புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அவரும் மற்ற ஆய்வாளர்களும் 1968-ல் அதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. இந்த நோய் பல பத்தாண்டுகள் கழித்துத் தலைகாட்டுவது. அதனால் ஒரே பக்க மூக்கு வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, அடிக்கடி ரத்தம் வந்தாலோ, மருத்துவர் கேட்காவிட்டாலும் "நான் மரவேலை செய்கிறவன்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி பரிசோதனையின் திசையையே மாற்றும்.

தடுக்க என்ன செய்வது? மெஷினோடு வரும் தூசிப்பையைக் கழற்றி எறியாதீர்கள். முடிந்தால் வேக்குவம் குழாயை மாட்டுங்கள். முகமூடி என்-95 அல்லது எஃப்எஃப்பி-2 வகையாக இருக்கட்டும், ஐஎஸ் 9473 முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, ஓரம் வழியே தூசி புகும். கழுத்தில் துண்டு வேண்டாம், சுழலும் தட்டு அதைச் சுருட்டி இழுக்கும். பாலிஷ் ஏறிய தூள் நிரம்பிய பையை இரவு முழுக்க வீட்டுக்குள் விட்டுவைக்காதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடியது அது.

பழைய வீட்டுக் கதவு, சன்னல் என்றால் இன்னொரு கவலை, ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வண்ணத்தை மெஷினால் உலரத் தேய்த்தால் ஈயத் தூசி வீடெங்கும் படியலாம். தவழும் குழந்தையின் கைவழி வாய்க்குப் போகும். அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அப்படிப்பட்ட மரத்தில் வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால்தான் தேய்க்க வேண்டும். கூலி கூடும், நாள் கூடும். வீட்டுக்காரர் அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

எனக்கு மனம் அதிகம் பதைப்பது ஆங்கிள் கிரைண்டரைப் பார்த்தால்தான். பெரிய வீல் மாட்டுவதற்காகக் காவல் தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள். நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். ஏழு அங்குல வீல் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல, வெடித்துச் சிதறும். இதில் சட்டச் சிக்கலும் உண்டு. பணியிட விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற 1923-ம் ஆண்டுச் சட்டத்தின் விதி 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் தொழிலாளி பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியதால் வந்த காயம் என்று நிரூபித்தால், உயிரிழப்பும் முழு நிரந்தர ஊனமும் தவிர மற்றவற்றில் முதலாளி கைகழுவிவிடலாம். தகட்டைக் கழற்றச் சொன்னது மேஸ்திரியாக இருந்தால் அதைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

வீட்டுக்காரரிடம் நேரடியாக மொத்தமாகப் பேசி வேலை எடுப்பவருக்கு இந்த இழப்பீட்டு வழி பெரும்பாலும் திறக்காது. தமிழ்நாட்டில் அவருக்கு இருப்பது கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம். தச்சரும் பெயிண்டரும் அதில் பதியலாம்; விபத்து உதவியும் உண்டு. புதுப்பிக்காமல் விட்ட அட்டையை நம்பி இருக்காதீர்கள்.

கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்க வேண்டாம். பட்டறைத் தோழர் தீக்குச்சியாலோ நூலாலோ எடுத்துவிடவும் வேண்டாம். கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே, "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு, செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு குரல் வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில், எந்த மெஷினில், யாரிடம் வேலை செய்தபோது நடந்தது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கூலி போனில் வந்திருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். இழப்பீட்டுக் கோரிக்கைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.