நோவைச் சொல்லத் தயங்குவதேன்?

அண்மையில் முதியவர் ஒருவருக்கு மொழித்துணையாக வைத்தியரிடம் சென்றிருந்தேன். எண்பதுகளில் ஏதிலியாக இந்நாட்டுக்கு வந்து, உணவகங்களிற் கோப்பை கழுவியும் சமைத்தும் முப்பது ஆண்டுகள் நின்றே உழைத்தவர். நாரி நோவால் இரவில் உறக்கமில்லை. நோவின் அளவைப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் கூறுமாறு வைத்தியர் கேட்டார். "மூன்று" என்றார் முதியவர். ஏட்டிலும் மூன்றென்றே பதிவாயிற்று.

பொறுத்துக்கொள்வதைப் பெருமையெனக் கற்றவர்கள் நாம். குத்து, உளைவு, எரிவு, விறைப்பு எனத் தமிழிற் பிரித்தறிபவை யாவும் அரைகுறை ஜேர்மன் மொழியில் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. எரிவு நரம்புப் பாதிப்பின் அறிகுறியாகலாம். அதற்குரிய மருந்தும் வேறு.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோ என்பர். காயம் ஆறிய பின்னும் நரம்புத்தொகுதி கூருணர்வுற்று, சிறு அசைவையும் நோவாக உணர்த்தக்கூடும். அசையாது கிடந்தால் தசைகள் தளர்ந்து நோ மேலும் பெருகும். ஆகவேதான் ஆர்காவ் மாநிலத்தின் பெல்லிக்கோனில் 1974 முதல் இயங்கும் 'சுவா' காப்புறுதி நிறுவனத்தின் புனர்வாழ்வு மருத்துவமனை போன்ற இடங்களில், மருந்தோடு இயன் மருத்துவமும் உளவியற் சிகிச்சையும் ஒருங்கே அளிக்கப்படுகின்றன. சித்திரவதைக்கும் போருக்கும் உள்ளானோருக்கெனச் செஞ்சிலுவைச் சங்கம் 1995இல் பேர்ணில் சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கியது. உளவியலாளரிடம் அனுப்பினால், நம் நோவைப் பொய்யென்று கருதுவதாகப் பொருளன்று.

சொல்லாத நோவுக்குச் சட்டத்திலும் இடமில்லை. உடலிற் காரணம் புலப்படாத நோவை மனவுறுதியால் வென்று உழைக்கலாம் என்ற ஊகத்தை 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நிலைநாட்டியது. அதனால் வலுவிழந்தோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டோர் பலர். 2015 ஜூன் 3ஆம் நாள் சமஷ்டி நீதிமன்றம் அவ்வூகத்தைக் கைவிட்டது. இப்போது ஒவ்வொருவரது உண்மையான செயல்வலுவும் தனித்தனியே ஆராயப்படுகிறது. அவ்வாராய்வில் வைத்தியரின் குறிப்புகள் முக்கிய சான்றாகும். அங்கே "மூன்று" என்று எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வது?

எனவே வாசகர்களே, எவ்விடத்தில், எத்தன்மையில், எப்போது நோகிறது, எந்த வேலையைச் செய்ய இயலவில்லை என்பவற்றைத் தமிழிலேயே எழுதிச் செல்லுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளை முன்னிலையில் எந்தத் தந்தையும் முழுவதையும் சொல்வதில்லை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அன்று வெளியே வந்ததும் முதியவரிடம் உண்மையான எண்ணைக் கேட்டேன். சற்றுநேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டு, "எட்டு" என்றார். மறுபடியும் உள்ளே சென்றோம்.